எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவீன ஓவியம் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் ஜெர்மானிய ஓவியர் கிர்ஷ்னரின் படங்களைக் காட்டுவது என் வழக்கம். ஊரும் ஆட்களும் மாறினாலும், படத்தைப் பார்த்தவுடன் எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

கிர்ஷ்னர் யார்? எந்தக் காலத்து ஆள்?

1880 மே 6 அன்று ஜெர்மனியின் அஷாஃபன்பர்க் நகரில் பிறந்து, 1938 ஜூன் 15 அன்று சுவிட்சர்லாந்தின் டாவோஸ் அருகே மறைந்தவர். ஓவியர், அச்சுக்கலைஞர், மரச்சிற்பி என மூன்று துறைகளிலும் இயங்கியவர். கண்டதை அப்படியே நகலெடுக்காமல், உணர்ந்ததை வண்ணத்தாலும் திரிந்த வடிவத்தாலும் வெளிப்படுத்தும், எக்ஸ்பிரஷனிசம் என்று பின்னர் பெயர் பெற்ற இயக்கத்தை ஜெர்மனியில் தொடங்கிவைத்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர்.

அவருடைய வாழ்க்கையை மூன்று ஊர்களின் வழியாகப் பார்ப்பது எளிது. 1911 வரை டிரெஸ்டன், பிறகு முதல் உலகப் போரின் நடுப்பகுதி வரை பெர்லின், 1917 முதல் இறுதிவரை டாவோஸ் மலைப்பகுதி. ஒவ்வொரு ஊரிலும் அவருடைய கோடு வேறு குணம் கொண்டது என்பதால், ஒரு படத்தைப் பார்த்தவுடன் அது எந்த ஊரில் வரையப்பட்டது என்று கேட்டுக்கொள்வது நல்ல தொடக்கம்.

ஓவியக் கல்லூரியிலேயே படிக்காதவர் என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. காகிதத் தொழில்நுட்ப வல்லுநரான அவருடைய தந்தை, மகன் ஒரு நிலையான தொழிலைக் கற்க வேண்டும் என்று விரும்பினார். அதற்கிணங்க 1901-ல் டிரெஸ்டன் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்தில் கட்டடக்கலை படிப்பில் சேர்ந்து, 1905-ல் பட்டயமும் பெற்றார். ஆனால் ஒருநாளும் அந்தத் தொழிலைச் செய்யவில்லை. இடையில் 1903–04 குளிர்காலத்தில் மியூனிக் நகரின் தனியார் கலைப்பள்ளி ஒன்றில் சிறிது காலம் பயின்றார்.

கட்டடக்கலைப் படிப்பில் கைவரைவும் ஒரு பாடம் என்பதால், அவரை முற்றிலும் பயிற்சியற்றவர் என்று சொல்ல முடியாது. கலைக்கழகங்களில் ஆண்டுக்கணக்கில் சுதைச் சிலைகளைப் பார்த்து நகலெடுக்கும் பயிற்சி மட்டுமே அவருக்கு வாய்க்கவில்லை. அது வாய்க்காமல் போனது அவருக்கு நன்மையாகவே முடிந்தது என்பது என் எண்ணம்.

'டி ப்ரூக்க' என்று ஒரு குழு வருகிறதே, அது என்ன?

1905 ஜூன் 7 அன்று டிரெஸ்டனில் கிர்ஷ்னர், எரிக் ஹெக்கல், கார்ல் ஷ்மித்-ரோட்லுஃப், ஃபிரிட்ஸ் பிளைல் ஆகிய நான்கு கட்டடக்கலை மாணவர்கள் தொடங்கிய ஓவியர் குழு அது. 'பாலம்' என்பது பெயரின் பொருள். பின்னர் மாக்ஸ் பெக்ஷ்டைன், எமில் நோல்டே, ஓட்டோ முல்லர் முதலியோர் சேர்ந்தனர். நோல்டே ஓராண்டைத் தாண்டிச் சிறிது காலம்தான் இருந்தார். தொழிலாளர் குடியிருப்புப் பகுதியில், முன்பு இறைச்சிக் கடையாக இருந்த இடத்தில் ஒன்றுகூடி வரைந்தார்கள். 1906-ல் ஒரு விளக்குத் தொழிற்சாலையின் காட்சிக்கூடத்தில் முதல் கண்காட்சியை நடத்தினார்கள்.

அவர்களுடைய கொள்கை அறிக்கையைக் கிர்ஷ்னர் அதே ஆண்டில் மரத்தில் செதுக்கி அச்சிட்டார். தன்னைப் படைக்கத் தூண்டுவதை நேராகவும் கலப்பின்றியும் வெளிப்படுத்தும் எவரும் எங்களைச் சேர்ந்தவரே என்பதுதான் அதன் சாரம். ஆண்டுச் சந்தா செலுத்திய ஆதரவாளர்களுக்கு அச்சுப் படங்கள் அடங்கிய கோப்பு ஒன்று ஆண்டுதோறும் கிடைத்தது. ஓவியம் வாங்க வசதியில்லாதவரும் அசல் படைப்பை வைத்துக்கொள்ள இது வழி செய்தது. 1913-ல் குழுவின் வரலாற்றைக் கிர்ஷ்னர் எழுதியபோது தன்னை நடுநாயகமாக வைத்து எழுதினார் என்று மற்றவர்கள் கசப்படைந்தார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் குழு கலைந்தது.

எக்ஸ்பிரஷனிசம் என்றால் முகத்தில் சோகம், கோபம் எல்லாம் காட்டி வரைவதுதானே?

அப்படி நினைத்துப் பார்த்தால் கிர்ஷ்னரின் படங்கள் ஏமாற்றமே தரும். அவருடைய பெர்லின் படங்களில் வரும் முகங்கள் பெரும்பாலும் முகமூடி போல அசைவற்றவை. அவற்றில் அழுகையோ அலறலோ இல்லை. உணர்ச்சியைச் சுமப்பவை சாய்ந்த தெரு, கூர்மையான முழங்கை, ஒன்றோடொன்று உரசும் இளஞ்சிவப்பும் பச்சையும், ஒரே திசையில் வேகமாக இழுக்கப்பட்ட தூரிகைத் தடங்கள் ஆகியவையே.

ஆகவே, படத்தில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்று தேடுவதைவிட, பார்த்தவருக்கு அந்தக் கணம் எப்படி இருந்தது என்று தேடுவது பொருத்தம். கிர்ஷ்னருக்கு இந்த அடைமொழியே பிடித்தமானதன்று என்பதையும், மற்றவர்களோடு சேர்த்துத் தன்னை ஒரு பெட்டியில் அடைப்பதாகவே அதை அவர் கருதினார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொல்லுங்கள், இவருக்குச் சரியாக வரையத் தெரியாததால்தான் இப்படி வரைந்தாரா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்க வேண்டியதில்லை, ஏனென்றால் இதற்கான விடையில்தான் அவருடைய படைப்புமுறை முழுவதும் இருக்கிறது. டிரெஸ்டன் காலத்தில் அவரும் நண்பர்களும் ஒரு பயிற்சியைக் கட்டாயமாக வைத்துக்கொண்டார்கள். ஓவியக் கூடத்தில் வரைவதற்காக நிற்கும் ஆள் (மாதிரி) ஒரே நிலையில் கால்மணி நேரம் மட்டுமே இருப்பார். அதற்குள் வரைவு முடிந்துவிட வேண்டும். ஒப்பனையான பாவனைகளுக்கும் இடமில்லை. அவர் நடக்கலாம், தலை வாரலாம், சோம்பல் முறிக்கலாம், வரைபவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரக்கெடுவில் விரல் நகங்களையும் கண்ணிமைகளையும் வரைந்துகொண்டிருக்க முடியாது. எது இல்லாவிட்டால் அந்த அசைவே இல்லாமல் போகுமோ அந்த ஒரு கோட்டைக் கண் தானாகவே தேடத் தொடங்கும்.

இதை அவர் இளமைக்கால விளையாட்டாக விட்டுவிடவில்லை. தெருவில், உணவகத்தில், சர்க்கஸில், மலைச்சரிவில் என்று வாழ்நாள் முழுவதும் சிறு குறிப்பேடுகளை வைத்து வரைந்துகொண்டே இருந்தார். ஏறத்தாழ 180 குறிப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. சட்டைப் பைக்குள் அடங்கும் அளவிலான அத்தாள்களில், ஒரு பெண் திரும்பிப் பார்ப்பதை ஐந்தாறு கோடுகளில் முடித்திருப்பார். பிறகு கூடத்துக்குத் திரும்பி, அதே காட்சியை மசியிலும் பாஸ்டல் என்னும் வண்ணக்கோலிலும் அச்சிலும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, கடைசியில்தான் எண்ணெய் வண்ணத்துக்கு வருவார். நாம் கித்தானில் (ஓவியத் துணியில்) காணும் 'அவசரம்' இத்தனை படிகளைக் கடந்து காப்பாற்றப்பட்ட அவசரம்.

அந்த வேகத்துக்கு ஏற்றவாறு வண்ணத்தையும் மாற்றிக்கொண்டார். குழாயிலிருந்து வரும் கெட்டியான எண்ணெய் வண்ணத்தைப் பெட்ரோல் கலந்து இளக்கி, மெல்லிய பூச்சாக விரைந்து பரப்பினார். அதனால் பரப்பு பளபளப்பின்றி மங்கலாக உலரும். அந்த மங்கலையே அவர் விரும்பினார். அவர் படத்தின் மேல் பிற்காலத்தில் யாராவது வார்னிஷ் பூசினால், படத்தின் குரலே மாறிவிடுகிறது.

எதற்காக மரச்செதுக்கு அச்சு? அது பழைய காலத்து முறை அல்லவா?

பழைய முறை என்பதே அவரை ஈர்த்தது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓவியர் டூரர் காலத்து ஜெர்மானிய மரச்செதுக்கு அச்சுகளை அவர் போற்றினார். ஆனால் டூரரின் படங்களில் மரத்தின் சாயலே தெரியாத அளவுக்கு நுண்மையான கோடுகள் இருக்கும். கிர்ஷ்னரோ உளி எங்கே பாய்ந்தது, மரநார் எங்கே எதிர்த்தது என்பதெல்லாம் அச்சில் தெரியட்டும் என்று விட்டுவிட்டார். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே வேறெதுவும் இல்லாத அந்த முறையில் தேவையற்றதை ஒளித்து வைக்க இடமே இல்லை. முந்தைய விடையில் சொன்ன கால்மணி நேரப் பயிற்சியின் கடுமை இங்கே கருவியின் வழியாகவே வந்துவிடுகிறது.

கல்லச்சு, அமில அரிப்பு அச்சு ஆகியவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 2,000 அச்சுப் படங்களை உருவாக்கினார். பெரும்பாலானவற்றைத் தாமே கையால் அச்சிட்டதால், ஒரே கட்டையில் எடுத்த இரண்டு பிரதிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. 1918-ல் செதுக்கிய, ஃபிராங்ஃபர்ட் கலை வணிகர் லுட்விக் ஷாமஸின் முகம் அவருடைய அச்சுகளில் எனக்கு மிகவும் பிடித்தது. தாடியும் நெற்றியும் வெட்டுத் தடங்களாலேயே ஆனவை. ஆனாலும் அம்முதியவரின் பரிவு சற்றும் குறையவில்லை.

அஜந்தா ஓவியங்களைப் பார்த்து இவர் கற்றார் என்பது நம்பும்படி இல்லையே?

நம்பலாம். அஜந்தாவுக்கு அவர் வந்ததில்லை. அக்குகை ஓவியங்களின் நகல்களை ஜான் கிரிஃபித்ஸ் என்பவர் தொகுத்து 1890-களின் இறுதியில் வெளியிட்ட பெரிய தொகுதிகளை டிரெஸ்டன் நூலகத்தில் கண்டு, அவற்றிலிருந்து பார்த்து வரைந்தார். தட்டையான நிறப்பரப்பிலேயே உடலின் திரட்சி எப்படித் தோன்றுகிறது என்பதுதான் அவரை வியக்க வைத்தது. 1911-ல் வரைந்த 'ஏரியில் குளிக்கும் ஐவர்' போன்ற படங்களில் முழுமையான, வளைந்த உடல்கள் வருவதற்கு அந்தப் படிப்பும் ஒரு காரணம்.

அதே டிரெஸ்டனின் இனவியல் அருங்காட்சியகத்தில், பசிபிக் கடலின் பலாவு தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட செதுக்கிய மர உத்தரங்களையும் ஆப்பிரிக்கச் சிற்பங்களையும் பார்த்தார். தமது கூடத்தின் இருக்கைகளையும் திரைச்சீலைகளையும் அந்தச் சாயலில் தாமே செய்தார். பலாவு அப்போது ஜெர்மனியின் குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது. அப்பொருள்கள் ஐரோப்பாவுக்கு வந்த வழியைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவற்றைச் செய்தவர்களை 'இயற்கையின் மக்கள்' என்று கற்பனை செய்துகொண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அஜந்தாவிடம் கற்றபோது அவர் மாணவராக இருந்தார். இங்கே அந்த அடக்கம் அவரிடம் குறைவு.

பெர்லின் தெருப் படங்களில் இறகுத் தொப்பி வைத்த பெண்கள் யார்?

1911-ல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்த கிர்ஷ்னர், 1913-க்கும் 1915-க்கும் இடையில் நகரத் தெருக்களை மையமாக வைத்து ஒரு வரிசைப் படங்களை வரைந்தார். அவற்றில் முன்னால் நிற்கும் பெண்கள் பெரும்பாலும் பாலியல் தொழிலாளிகள். ஆனால் உயர்குடிப் பெண்களைப் போலவே விலையுயர்ந்த மேலங்கியும் இறகுத் தொப்பியும் அணிந்திருப்பதால், யார் யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை அன்றைய தெருவிலும் இருந்தது, படத்திலும் இருக்கிறது. ஆண்கள் பின்னால் ஒரே அச்சில் வார்த்தவர்களைப் போலக் கறுப்பு உடையில் கடந்து போகிறார்கள். ஒருவர் கடை ஜன்னலைப் பார்ப்பதாகப் பாவனை செய்கிறார். விற்பவர் யார், வாங்குபவர் யார், விலைப்பொருள் எது என்ற கேள்வி அந்தக் கடை ஜன்னலிலேயே தொங்குகிறது.

உடல்கள் நீண்டு கூர்மையானதற்கு ஒரு நேரடிக் காரணமும் உண்டு. 1912-ல் எர்னா ஷில்லிங், கெர்டா ஷில்லிங் என்ற இரு நடனக்காரச் சகோதரிகள் அவருக்கு அறிமுகமானார்கள். எர்னா இறுதிவரை அவருடைய வாழ்க்கைத் துணையாக இருந்தார். அவ்விருவரின் கோணம் மிகுந்த உடலமைப்பே தமது வடிவ உணர்வை மாற்றியது என்று கிர்ஷ்னரே எழுதியிருக்கிறார். டிரெஸ்டன் காலத்து வளைவுகள் மறைந்து, எல்லாம் முக்கோணமாகக் கூர்மையடைவது இதற்குப் பிறகுதான்.

இவ்வரிசையின் உச்சம் 1914-ல் வரைந்த 'போட்ஸ்டாமர் பிளாட்ஸ்'. இரண்டு மீட்டர் உயரமுள்ள அந்தப் படத்தில், வட்டமான நடைமேடைத் தீவில் இரு பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி கைம்பெண்ணின் கறுப்பு முகத்திரை அணிந்திருக்கிறாள். போர் தொடங்கிய ஆண்டு அது. தரை பச்சையாக ஒளிர்ந்து காலடியில் சரிகிறது. உருவத்தைத் திரித்தது எதற்காக என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். சரியான தொலைவுக்காட்சியில் இதே சதுக்கத்தை வரைந்திருந்தால் ஓர் அஞ்சலட்டைதான் கிடைத்திருக்கும்.

போரில் அவருடைய கை துண்டிக்கப்பட்டதா? அந்தப் படத்தில் அப்படித்தானே இருக்கிறது?

இல்லை. 1915-ல் வரைந்த 'படைவீரனாகத் தற்படம்' என்ற ஓவியத்தில் வலது கை மணிக்கட்டோடு வெட்டப்பட்டிருக்கிறது. உண்மையில் அவர் போர்முனைக்கே போகவில்லை. எந்தப் பிரிவில் சேர்க்கிறார்களோ என்ற அச்சத்தில் தாமே முன்வந்து பீரங்கிப் படையில் சேர்ந்தார்; ஹால்லே நகரில் பயிற்சியின்போதே உடலும் மனமும் நொறுங்கி, அதே ஆண்டில் விடுவிக்கப்பட்டார். தோள்பட்டையில் தெரியும் 75 என்ற எண் அவருடைய படைப்பிரிவின் எண்.

சீருடை தன்னை வரைய முடியாதவனாக ஆக்கிவிடும் என்ற பயத்தின் உருவம்தான் அந்தக் கை. படத்தைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் அவருடைய கைகால்கள் அவ்வப்போது உண்மையிலேயே செயலிழந்தன என்பதை அறிந்தபின் அதைப் பார்ப்பது கடினம். தூக்க மருந்து, மார்ஃபின், மது ஆகியவற்றின் பிடியில் பல சிகிச்சை இல்லங்களில் காலம் கழித்து, 1917-ல் டாவோஸ் சேர்ந்தார்.

டாவோஸ் போனபிறகு அவருடைய கலை சரிந்துவிட்டது என்கிறார்களே?

இதில் நான் உடன்படவில்லை. கூச்சல் குறைந்தது என்பதைச் சரிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நோயின் நடுவே, 1919 ஜனவரியில், விடியலுக்கு முன் நிலவு மறையும் பனிமலையைப் பார்த்து அவர் செய்த மரச்செதுக்கு அச்சும் ஓவியமும் பெர்லின் படங்களுக்கு எவ்வகையிலும் குறைந்தவையல்ல; மலை நீலமாகவும் மரங்கள் இளஞ்சிவப்பாகவும் எரிகின்றன. பக்கத்து வீட்டு உழவர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் அவர் வரைந்த படங்களில் பெர்லினில் இல்லாத ஒரு மரியாதை இருக்கிறது. லீஸே குயர் என்ற நெசவாளருடன் சேர்ந்து திரைச்சீலைகளும் உருவாக்கினார். பாசல் நகரத்து இளைஞர்கள் அவரிடம் கற்று 'ரோட்-பிளாவ்' என்ற குழுவையே தொடங்கினார்கள்.

1920-களின் பிற்பகுதியில் பிக்காசோவின் பாதிப்போடு, தட்டையான வண்ணத் துண்டுகளால் ஆன ஒரு புதிய பாணிக்குப் போனார். அந்தப் படங்களில் பல எனக்கும் குளிர்ந்தே தெரிகின்றன. நிலக்காட்சிகளின் தகுதியை அவற்றை வைத்து அளக்க வேண்டாம்.

அவருடைய மாதிரிகளில் சிறுமியரும் இருந்தார்களாமே?

ஆம். டிரெஸ்டன் ஓவியர்களின் படங்களில் திரும்பத் திரும்ப வரும் ஃபிரான்ஸி, 1909-ல் அவர்களுக்கு அறிமுகமானபோது ஏறத்தாழ ஒன்பது வயதுச் சிறுமி. தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவள். அவள் யார் என்பதே 1990-களில்தான் உறுதியாயிற்று. கட்டற்ற வாழ்க்கை என்று அக்குழு கொண்டாடிய சூழலுக்குள் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தது தவறு என்பதே என் கருத்து. அக்காலத்தில் அது இயல்பு என்ற சமாதானம் அந்தக் குழந்தைக்கு எந்தப் பாதுகாப்பையும் தந்திருக்காது. இப்போது அருங்காட்சியகங்கள் இப்படங்களோடு அவளுடைய கதையையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது.

தன் படங்களுக்குப் பொய்த் தேதி போட்டார், தானே பொய்ப் பெயரில் தன்னைப் புகழ்ந்து எழுதினார் என்பதெல்லாம் உண்மையா?

இரண்டும் உண்மை. 1908-ல் வரைந்து 1919-ல் திருத்திய 'தெரு, டிரெஸ்டன்' படத்தில் 1907 என்று எழுதியிருக்கிறார். இப்படிப் பல படங்களுக்கு உண்மையைவிட முந்தைய தேதியைப் போட்டதற்குக் காரணம், பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், நார்வே ஓவியர் முன்க் போன்றோரிடமிருந்து எதையும் பெறவில்லை என்று காட்டும் விருப்பம். ஆனால் 1905-ல் டிரெஸ்டனில் வான்கோ கண்காட்சியும், 1909 ஜனவரியில் பெர்லினில் மத்தீஸ் கண்காட்சியும் நடந்தன. இரண்டையும் அவர் பார்த்தார். பழைய படங்களைப் பிற்காலத்தில் மறுபடி தீட்டும் வழக்கமும் இருந்ததால், ஒரே கித்தானில் இரண்டு காலங்களின் கை கலந்திருக்கும்.

லூயி த மார்சால் என்ற பெயரில் ஒரு பிரெஞ்சு விமர்சகரை 1920-ல் அவர் படைத்தார். அந்தக் கற்பனை மனிதர் பல ஆண்டுகள் கிர்ஷ்னரைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1933-ல் பெர்ன் நகரக் கண்காட்சிப் பட்டியலில் அவர் இறந்துவிட்டதாகக் குறிக்கப்பட்டது. குழுவின் வரலாற்றை எழுதியபோது எழுந்த சிக்கலை மேலே சொன்னேன். அதே குணத்தின் தொடர்ச்சிதான் இது. தேதிகளில் அவருடைய சொல்லை அப்படியே ஏற்கக் கூடாது. மார்சாலின் கட்டுரைகளைத் தள்ளிவிடவும் வேண்டாம். தம் கோட்டைப் பற்றிக் கிர்ஷ்னர் உண்மையில் என்ன நினைத்தார் என்பதை அவற்றில்தான் மிகத் தெளிவாகப் படிக்கலாம். கடன்பட்டதை ஒப்புக்கொண்டிருந்தாலும் அவருடைய இடம் சிறிதும் குறைந்திருக்காது என்பதுதான் வருத்தம்.

நாஜிகள் அவரை என்ன செய்தார்கள்? அவர் சுவிட்சர்லாந்தில்தானே இருந்தார்?

ஆள் எல்லைக்கு அப்பால் இருந்தார். படங்கள் ஜெர்மனியின் அருங்காட்சியகங்களில் இருந்தன. 1931-ல் உறுப்பினராக்கிய பிரஷ்யக் கலைக்கழகம், நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் விலகச் சொல்லி வற்புறுத்தி, 1937-ல் அவரை வெளியேற்றியது. அதே ஆண்டில் பொது அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 639 படைப்புகள் பறிக்கப்பட்டன. மியூனிக்கில் நடந்த 'சீரழிந்த கலை' கண்காட்சியில், மேலே சொன்ன படைவீரத் தற்படத்தையே இழிவான வேறொரு தலைப்பிட்டு ஏளனத்துக்கு வைத்தார்கள். ஜெர்மானியக் கலைக்குத் தாம் புத்துயிர் கொடுத்ததாக நம்பியிருந்த ஒருவருக்கு இது எத்தகைய அடி என்பதை விளக்க வேண்டியதில்லை.

1938 மார்ச்சில் ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. டாவோஸிலிருந்து அந்த எல்லை வெகு தொலைவில் இல்லை. அச்சத்தில் தம் அச்சுக் கட்டைகளையும் சிற்பங்கள் சிலவற்றையும் தாமே அழித்தார். நோயும் மருந்துப் பழக்கமும் சேர்ந்து வாட்டிய நிலையில், அந்த ஆண்டு ஜூன் மாதம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இதை 'நாஜிகளால் நேர்ந்த சாவு' என்றோ 'நோயால் நேர்ந்த சாவு' என்றோ ஒரு வரியில் முடிப்பவர்கள் உண்டு. அந்த மாதங்களின் கடிதங்களையும் வாழ்க்கையையும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

ஒரு படத்தை அருங்காட்சியகமே திருப்பிக் கொடுத்தது, பிறகு கோடிக்கணக்கில் விற்றது என்கிறார்களே, என்ன நடந்தது?

1913-ல் வரைந்த 'பெர்லின் தெருக்காட்சி' அது. எர்ஃபுர்ட் நகரின் காலணித் தொழிலதிபரும் யூதருமான ஆல்ஃபிரட் ஹெஸ் என்பவரின் சேகரிப்பில் இருந்த அந்தப் படம், நாஜி ஆட்சிக் காலத்தில் அக்குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. பின்னர் பெர்லினின் ப்ரூக்க அருங்காட்சியகத்துக்கு வந்தது. 2006-ல் பெர்லின் அரசு அதை வாரிசிடம் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 3.8 கோடி டாலருக்கு விற்றது. இன்று அந்நகரின் நோயே கேலரியில் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தது சரியா என்று ஜெர்மனியில் கடும் விவாதம் நடந்தது. துன்புறுத்தப்பட்டவர்கள் அந்தக் காலத்தில் செய்த விற்பனையை விருப்பப்பட்டு விற்றதாகக் கொள்ள முடியாது என்பதால், கொடுத்தது சரியே என்பது என் நிலை.

நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர் எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

அச்சுப் படங்களிலிருந்து. எண்ணெய் ஓவியங்களின் மங்கலான பரப்பும் அளவும் திரையில் தொலைந்துபோகும். கறுப்பு வெள்ளை மரச்செதுக்கு அச்சில் இழப்பு மிகக் குறைவு. லுட்விக் ஷாமஸின் முகத்தை முதலில் பாருங்கள். பிறகு 1919-ன் நிலவொளிப் பனிமலை. அதன் பிறகு 'போட்ஸ்டாமர் பிளாட்ஸ்'. அச்சுகளில் வெட்டுக்கோட்டுக்குப் பழகிய கண், பெர்லின் படங்களில் தூரிகையும் உளியைப் போலவே ஓடுவதைத் தானாகக் கண்டுகொள்ளும்.

நேரில் செல்ல வாய்ப்பு வந்தால், டாவோஸில் 1992-ல் கட்டப்பட்ட கிர்ஷ்னர் அருங்காட்சியகத்துக்கு முதலிடம் தரலாம். குறிப்பேடுகளும் ஓவியங்களும் அங்கே சேர்ந்திருக்கின்றன. ஓவியங்கள் தனியே நிற்கும்படி வைக்கப்பட்டிருந்தால் பின்பக்கத்தையும் பாருங்கள். கித்தான் தட்டுப்பாட்டாலும் முந்தைய படத்தில் நிறைவில்லாமலும், நூற்றுக்கும் மேற்பட்ட கித்தான்களில் அவர் இரண்டு பக்கமும் வரைந்திருக்கிறார்.